பதினாறாவது பெயர்

மார்க்ஸ் டோர்மோய், பரிஸ்
06.04.1984

அன்பின் வலன்ரைன்,

நான் சுகம், என் வயிறு என்னைவிடச் சுகம். ரூ பெர்தொனே தெருச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவனுக்கு வேறெப்படி இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் புதிய கூடைப்பந்துத் திடல் திறக்கிறாய். திறப்புவிழா மலருக்குப் பரிஸ் நகரத்துக் கூடைப்பந்து அரங்குகளின் வரலாறு எழுதித் தா என்கிறாய். பந்தைக் கண்டால் குனிகிற என்னிடம்! கீழ்வீட்டு பெர்னார் கிழவரைப் பிடித்தேன். நாற்பது வருஷம் அரங்குகளின் தரை துடைத்தவர்.

முதலாவது, ரூ திரெவீஸில் நிலத்துக்குக் கீழே ஓர் அறை, 1893. ஆடுகளத்தின் நடுவிலேயே தூண்கள். எதிரணியைவிடத் தூணுக்குத்தான் அதிகம் பயந்தார்களாம். பிறகு குபெர்த்தன் அரங்கு. பெரிய கழகங்களின் ஆட்டம் அங்கே. இந்த வருஷம் பெர்சியில் புத்தம் புதியது திறந்தார்கள். சுவரிலே புல் வளர்க்கிறார்கள், உன் வீட்டு ஆட்டை அனுப்பு.

நடுவில் ஒன்று குறைகிறது. ஐஃபல் கோபுரத்துக்குக் கிட்ட இருந்து, பிறகு இடித்த பனிக்கால அரங்கு. அதைக் கேட்டதும் கிழவர் கதவைச் சாத்திவிட்டார். என் பிரெஞ்சு அவ்வளவு மோசமா?

ஒரு சிபாரிசு. தங்கச்சி புனிதவதியின் மகன் நேசனையும் உன் குழுவில் சேர். உயரமில்லை, திறமையில்லை, என் மருமகன். கட்டுரைக்கு அதுதான் கூலி.

உன்,
வரதராசா

யாழ்ப்பாணம்
28.04.1984

அன்பின் வரதா,

தூண் கதையை என் மனிசி மேரிறோஸ் வாசித்துச் சிரித்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது. இன்று எனக்குக் கரிச்சோறு, உன் புண்ணியம்.

நேசனைச் சேர்த்துவிட்டேன். பந்து அவன் மூக்கைத் தேடித்தான் வருகிறது. "அண்ணைக்காக வைச்சிருங்கோ சேர்" என்று புனிதவதி வந்து நின்றா.

ஆமி முகாமுக்குப் புதிதாய் வந்த கப்டன் திடலைப் பார்க்க வந்தார். பூட்ஸோடு நின்று ஒரே எறியில் கூடைக்குள் போட்டார்! படிக்கிற காலத்தில் ஆடியவராம். கொழும்புப் போட்டிக்குப் போகப் பொடியளுக்குப் பயணப் பாஸ் தருவாராம், பெயர்ப்பட்டியல் கேட்கிறார். கூடைப்பந்து ஆடுகிறவன் கெட்டவனாக இருக்கமாட்டான், வரதா. இருபது வருஷமாய்ப் பார்க்கிறேன்.

இரண்டு நாளாய்ச் சந்தியில் ஆமி லொறி ஒன்று நிற்கிறது. திடலுக்குச் சீமெந்து என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் வெறும் லொறி.

விட்டுப்போன அந்த அரங்கைப் பற்றிக் கெதியாய் எழுது.

வலன்ரைன்

பரிஸ்
18.05.1984

அன்பின் வலன்ரைன்,

பட்டியல் கொடுத்துவிட்டாயா? கொடுக்காதே. இனி மிச்சத்தை வாசி.

பெர்னார் தானாகவே படியேறி வந்தார். கையில் வைன் போத்தல், திறக்கவேயில்லை. அந்தப் பனிக்கால அரங்கு சைக்கிள் ஓட்டத்துக்குக் கட்டியது. குத்துச்சண்டை, கூடைப்பந்து எல்லாம் நடக்கும். ஜேர்மன்காரர் பரிஸைப் பிடித்திருந்த காலம், 1942 யூலையில், யூதக் குடும்பங்களைப் பிடித்துவந்து அதற்குள் அடைத்தார்கள். எட்டாயிரம் பேர், பாதி பிள்ளைகள். ஐந்து நாள், குடிக்கத் தண்ணீர் போதாது. அங்கிருந்து முகாம். பிறகு கொலைமுகாம்களுக்கு ரயில்.

"இவ்வளவு பேரையும் எப்படித் தேடிப் பிடித்தார்கள்?" என்று கேட்டேன்.

"தேடவில்லை. பொலிஸிடம் அட்டையில் விலாசம் இருந்தது. முன்பே அவர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்திருந்தார்கள்" என்றார். போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, "பிறகு அந்தத் தரையைக் கழுவியது நான்" என்றார்.

ஒன்பது வருஷம் கழித்து அதே இடத்தில் ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி. கிழவரும் போய்க் கைதட்டினாராம்.

இந்தப் பந்தியைக் கட்டாயம் மலரில் போடு. ஒரு பகிடி சேர்க்கப் பார்த்தேன், வரவில்லை.

வரதராசா

யாழ்ப்பாணம்
08.06.1984

அன்பின் வரதா,

கோவிக்காதே, அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். திறப்பு விழாவில் அப்படியான கதை எதற்கு?

உன் கடிதம் வருமுன்னரே பட்டியல் போய்விட்டது. பெயர், விலாசம், உயரம்கூடப் போட்டேன். என் கையெழுத்தைக் கப்டன் மெச்சினார். நேசன்தான் பதினாறாவது, ஐந்தடி மூன்று.

நாளை காலை எட்டு மணிக்குப் பதினாறு பேரும் திடலுக்கு வரவேண்டுமாம், பாஸ் வாங்க. நானும் போகிறேன். சீருடையில் வரச் சொல்லியிருக்கிறேன். அப்படியே ஒரு படமும் எடுத்துவிடலாம். நீ அங்கே கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து பயந்து பழகிவிட்டாய்.

லொறி இப்போது இரண்டு. திடல் வாசலுக்கே வந்துவிட்டன.

படம் கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

வலன்ரைன்

பரிஸ்
27.06.1984

வலன்ரைன்,

உன் கடிதம் இன்று வந்தது. 'நாளை காலை' என்று எழுதியிருக்கிறாய். அந்த நாளை போய்ப் பதினெட்டு நாள்.

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். புனிதவதியிடமிருந்து இந்த மாதம் ஒரு வரியும் இல்லை. எங்கட சனம் கூடுகிற லா சப்பெலில் எந்த வதந்தியையும் முதலில் அவிழ்த்துவிடுகிறவன் நான்தான், உனக்குத் தெரியும். இன்று தேத்தண்ணிக்கடைக்குள் நான் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நீ இதை வாசிக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தக் கப்டனிடம் போ. மற்றப் பதினைந்து பேருக்கும் என்ன சொல்லிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. நேசன் ஆட்டக்காரன் இல்லை என்று சொல். பரிஸில் இருக்கிற ஒரு தடியன் கட்டுரைக்குக் கூலியாகக் கேட்டுச் சேர்த்த பெயர் என்று சொல். நம்பாவிட்டால், அவன் பக்கம் ஒரு பந்தை எறிந்து பார்க்கச் சொல்.

அவனுக்குப் பிடிக்கத் தெரியாது.

வரதராசா