சாக்கைக் கடிக்கப் பழக்கிய அப்பாவுக்கு

எவ்வளவு கோபம் வந்தாலும் வேறொருவரை அப்பா என்று கூப்பிட முடியாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. போன வாரம் உங்கள் திதி. தம்பி முருகேசு மறக்காமல் உங்கள் சுருட்டை வாங்கி வைத்தான். நான் விழுந்து கும்பிட்டேன், ஆனால் மனதுக்குள் ஒரு வார்த்தையும் உங்களோடு பேசவில்லை. பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்கும் கொடுக்கிறேன்.

உங்கள் பேத்தியை மேஜர் கடித்துவிட்டது.

நம்ப மாட்டீர்கள். தோட்டத் துரையின் பங்களாவில் நீங்கள் குட்டியிலிருந்து வளர்த்த அதே நாய் மேஜர்தான். செல்விக்கு இப்போது ஐந்து வயது, நான் படிப்பிக்கிற தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வருகிறாள். போகும்போதும் வரும்போதும் பங்களா வேலிக்குள் கையை விட்டு அதன் மூக்கைத் தொடுவாள். அது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நான் பயந்து கையைப் பிடித்து இழுப்பேன். “தாத்தா நாயிம்மா, ஒண்ணும் பண்ணாது” என்பாள்.

அன்றைக்கு மழை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை மிச்சமிருந்ததால் கொழுந்தெடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு ராமாயி அக்காவோடு அவளை அனுப்பினேன். பிள்ளை நனைகிறாளே என்று அக்கா தன் கொங்காணியைக் கழற்றி அவள் தலையில் போட்டிருக்கிறாள். கொங்காணி என்ன, சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்து முக்காடு மாதிரி போட்டுக்கொள்கிற சங்கதிதானே. மழை நாளில் நம் லயத்து வரிசை வீடுகளில் அது இல்லாமல் யார் வெளியே இறங்குகிறார்கள்?

பங்களா கேட் திறந்திருந்தது. மேஜர் குரைக்கவே இல்லையாம். நேராக வந்து தோளைப் பிடித்துவிட்டது. அக்கா கூடையால் அடித்தும் விடவில்லை. சாக்கு கழன்று வந்ததும்தான் பிள்ளையை விட்டது. பிறகு அது என்ன செய்தது தெரியுமா அப்பா? சாக்கை வாயில் கவ்விக்கொண்டு பங்களாவின் சமையல் குசினி வாசலுக்குப் போய், அதைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சமையல்கார அப்பு என்னிடம் வந்து கண் கலங்கிச் சொன்னார்: “எறச்சித் துண்டுக்காக ஒக்காந்திருக்கு டீச்சரம்மா. நல்ல வேல செஞ்சிட்டோம்னு நெனச்சிருக்கு. வாய்ல ரத்தம், வாலு ஆடுது. நான் என்னத்தக் குடுக்குறது?”

இறைச்சித் துண்டு யார் கொடுத்துப் பழக்கியது? நீங்கள்தான்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையிலிருந்து லீவில் வந்திருந்தேன். பங்களாப் புல்தரையில் நீங்களே கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். மேஜர் குட்டி பின்னால் ஓடி வந்து சாக்கைக் கவ்வி இழுத்தது. நீங்கள் விழுந்தீர்கள். துரை கை தட்டினார். சாக்கைக் குசினி வாசலுக்குக் கொண்டு போனதும் அதற்கு ஒரு துண்டு இறைச்சி. லயத்து ஆட்கள் விறகுக்கும் கொய்யாவுக்கும் வேலி தாண்டக் கூடாது என்று அவருக்கு அப்படி ஒரு யோசனை. பூட்ஸ் சப்பாத்துப் போட்ட காலைக் கண்டால் படுத்திருக்க வேண்டும், கொங்காணியைக் கண்டால் பாய வேண்டும். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அன்று சாயந்தரம் உங்களோடு சண்டை போட்டேனே, அதுவும் ஞாபகம் இருக்கிறது. மேஜர் மாதிரி அல்சேஷன் எவ்வளவு பழக்கினாலும் நம்பக் கூடாத இனம் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன். நீங்கள் வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: “புஸ்தகம் எழுதுனவன் எத்தன நாய் வளத்தானாம்? கெட்ட நாயின்னு எதுவும் பொறக்கறதில்ல தாயி. வளக்குற கையில இருக்கு.” வளர்க்கிற கை. அதைச் சொல்லும்போது உங்கள் கையை நீங்கள் பார்த்தீர்களா?

மறு நாள் விடியும் முன்பே மேஜரைச் சுட்டுவிட்டார்கள். எனக்காக என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்த்திருந்தால் விசரோ வெறியோ இல்லை என்று தெரிந்திருக்கும், பிள்ளைக்கு ஊசியே வேண்டியிருக்காது என்றார். இப்போது தெரிய வழியில்லை. அதனால் ஐந்து வயதுப் பிள்ளையின் தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி. அவள் காலை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் நாற்காலி போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, விசாரணைக் காகிதத்தை நீட்டினார். ‘நாயின் பிறவிக் குணம்’ என்று எழுதி முடித்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

“அது ஓநா ரத்தம் டீச்சர். ஒங்கப்பா மாதிரி பழக்க யாரால முடியும்? அப்பேர்ப்பட்ட பழக்கத்தையும் மீறி ரத்தம் வேலைய காட்டிருச்சு. நீங்க படிச்சவங்க, நான் சொல்லணுமா?”

“ஓநாய்க்குக் கொங்காணி தெரியுமாங்க?” என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பழக்கத்தை மீறிக் கடிக்கவில்லை அப்பா. பழக்கினபடியே கடித்தது. ஏழு வருடமாக அது காவல் காத்தபோது துரையின் யோசனை, உங்கள் கைராசி என்றார்கள். ஒரு நாள் பிசகியதும் எல்லாம் அதன் ரத்தம் ஆகிவிட்டது. போன வருடம் லயத்து நாய் ஒன்று கிளாக்கரின் சைக்கிளைத் துரத்தியதற்கு இருந்த லயத்து நாய்களையெல்லாம் சுட்டார்களே, அதை யார் வளர்த்தது, ஏன் துரத்தியது என்று யாராவது கேட்டார்களா?

ஆனாலும் பிள்ளையின் தோளைக் கழுவிக் கட்டுகிறவள் நான். லயத்து நாயாக இருந்திருந்தால் சாக்கு கிழிந்திருக்கும், ஒரு கீறலோடு போயிருக்கும். அந்தத் தாடையும் அந்த விடாப்பிடியும் அதனோடு பிறந்தவைதான். அதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு பலத்தோடு பிறந்த ஒன்றிடம் யாரைக் கடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம் ஆட்களையே காட்டிக் கொடுத்தீர்கள். அந்தச் சாக்கை மேலே போட்டுக்கொண்டு ஓடியபோது, நாளைக்கு இதற்குள் யார் இருப்பார்கள் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? இல்லை, தோன்றியும் வாயைத் திறக்க முடியவில்லையா? எதுவென்று சொல்லாமலே போய்விட்டீர்கள்.

காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை என் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் உங்கள் பெயரும் இருக்கிறது.

செல்வி தேறி வருகிறாள். நாய்க்கு அவள் பயப்படவில்லை, சாக்குக்குத்தான் பயப்படுகிறாள். நனைந்தாலும் நனைவேன், அதைப் போட மாட்டேன் என்கிறாள்.

பங்களாவுக்குப் புதுக் குட்டி வந்துவிட்டது. இந்த முறை லாப்ரடோராம், சாந்தமான இனமாம். பழக்கும் வேலை, உங்கள் இடத்தில் இப்போது பங்களாவில் வேலை பார்க்கிற முருகேசுக்கு. கூடவே ஒரு பழைய சாக்கையும் கொடுத்திருக்கிறார்கள்.

“நீ மாட்டேன்னு சொல்லுடா” என்றேன்.

“சொன்னா நாளைக்கே வேலைய விட்டுத் தூக்கிருவாங்கக்கா. வேற ஒருத்தன் வந்து இதையேதான் பழக்குவான். அப்ப என்னா பண்ணுவ?” என்றான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவனிடமே போய், அந்தக் குட்டிக்குச் சாயந்தரச் சோறு யார் வைக்கிறது என்று கேட்டேன்.

“நான்தான். ஏன்?”

“இனிமே நான் வைக்கிறேன்.”

“ஒனக்குத்தான் நாயின்னாலே பயமாச்சே.”

“இருக்கட்டும்.”

“அஞ்சு மணிக்கு வா. தொரை கிளப்புக்குப் போயிருப்பாரு” என்றான்.

அப்பா, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குட்டி வளர்ந்து பெரிதாகும் வரை தினமும் ஐந்து மணிக்கு, மழையோ வெயிலோ, கொங்காணி போட்டுக்கொண்டு போய் என் கையால் அதற்குச் சோறு வைப்பேன். நான் போக முடியாத அன்றைக்கு ராமாயி அக்கா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு போவாள், கேட்டுவிட்டேன். கொங்காணிக்குள் இருக்கிறவர்கள் யார் என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

கோபம் தீராத உங்கள் மூத்த மகள்,
செல்வியின் அம்மா