வெட்டுப்பட்ட சதுரம்

மணிமொழியின் அப்பாவுக்கு,

அடையாற்றில் நடக்கும் மரபணுப் பயிற்சி முகாமுக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக வேளச்சேரியில் உங்கள் வீடு வரை வந்த பெண்ணை, "இன்னாத்துக்கு இதெல்லாம்? கம்ப்யூட்டர் படி" என்று துரத்திவிட்டீர்கள்.

விண்ணப்பத்தோடு குடும்ப வரைபடமும் கேட்டிருந்தார்கள். அதில் ஆண் சதுரம், பெண் வட்டம். நாம் பிரிந்ததைக் காட்ட, இரண்டையும் இணைக்கும் கோட்டைச் சாய்கோடு போட்டு வெட்ட வேண்டுமாம். அவள் உங்கள் சதுரத்தையே வெட்டிவிட்டாள். பிறகுதான் மரபியல் புத்தகத்தைப் பார்த்தாள். அது செத்தவர்களுக்குப் போடும் குறி.

பதறிப்போய் ரப்பரைத் தேடினாள். "இருக்கட்டும்டி" என்றேன்.

அப்பா இல்லாத பிள்ளைக்கு அம்மா கையெழுத்தே போதுமாம். போட்டு அனுப்பிவிட்டேன்.

இனி அவளுக்குப் போன் செய்யாதீர்கள். பிள்ளை பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
பக்கத்து வட்டம்