நான்கு பொட்டலம் கேசரிப் பவுடர்

ஏற்காடு,
6.7.1986

என் பிரியமுள்ள ராசாத்திக்கு,

உன் ஹலீமா எழுதுவது. இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் நலம். எங்கள் கழிப்பறைதான் நலமில்லை. அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பதினைந்து நாளாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நீ சேலம் விடுதிக்குப் போனபின் வகுப்பில் உன் இடம் காலியாகவே இருக்கிறது. அதில் நூலகப் புத்தகங்களை வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு வெள்ளைக்காரத் துரை கட்டியது என்று உனக்குத் தெரியும். கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் மண் குழாயும் அவர் காலத்ததுதான். அந்தக் குழாய்க்கு மேலேதான் அத்தா நான்கு வருடம் முன்பு கடைச் சாமான் வைக்கக் குடோன் கட்டினார். குழாயைத் திறந்து பார்க்க நடுவில் இருந்த மூடிமேல் இப்போது உப்பு மூட்டைகள். தண்ணீர் போகாமல் திரும்பி மேலே வந்ததும் பிளம்பர் காளியப்பன் மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினார். பதினான்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் தலைமுடி போலக் கொத்தாக வேர் வந்தது.

"பாய், சில்வர் ஓக் மரத்து வேரு குழாய ஒடச்சுப் போட்டுதுங்க. குடோனைத் தோண்டாம ஒண்ணும் ஆவாது."

"மழ முடியட்டும் காளியப்பா."

"மழ எப்பங்க முடியும்? இது ஏற்காடுங்க."

போன புதன்கிழமை திடீரென்று தண்ணீர் கடகடவென்று இறங்கிவிட்டது. "பாத்தியா, தானாச் சரியாப் போச்சு" என்று அத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செப்டிக் டேங்க் மூடியின் ஓட்டையில் குச்சி விட்டுப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஒரு ஜாண் இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு வரவில்லை என்றால் எங்கே போகிறது?

உடனே பதில் எழுது. விடுதி நூலகத்தில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வேண்டும்.

என்றும் உன்,
ஜா. ஹலீமா


சேலம்,
14.7.1986

அன்புள்ள ஹலீமா,

கடிதம் கிடைத்தது. நூலகப் பட்டியல் கேட்டாய். நூலகம் பூட்டியிருக்கிறது. தினமும் முள்ளங்கிச் சாம்பார். அவ்வளவுதான் என் செய்தி.

நேற்று அம்மா பார்க்க வந்திருந்தார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். டேங்க் வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "மறுபடி படி" என்றார்.

எங்கள் ஊற்றுத் தண்ணீர் பத்து நாளாக ஒரு மாதிரி நாற்றம் அடிக்கிறதாம். என் தங்கை சின்னத்தாயிக்கு எட்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஆறு வயதுப் பிள்ளை, இடுப்பில் பாவாடை நிற்கவில்லை என்று அம்மா அழுதார். மண்ணெண்ணெய் வாங்க ஒண்டிக்கடை முக்கில் உங்கள் கடைக்கு வந்தபோது உன் அத்தாவிடம் கேட்டிருக்கிறார். "அது பாறைத் தண்ணி கண்ணாயி. பூமிக்கு அடியில இருந்து வருது. எங்கூட்டுக் குழாய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாராம்.

உங்கள் வீடு மேலே இருக்கிறது. எங்கள் ஊற்று அதற்கு நேர் கீழே. எட்டு வீட்டுக்கு அந்த ஒரு ஊற்றுதான். நீ நிறையப் படிக்கிறவள். போய்ப் பார்த்து எழுது.

ராசாத்தி


ஏற்காடு,
22.7.1986

என் பிரியமுள்ள ராசாத்திக்கு,

போய்ப் பார்த்தேன். சின்னத்தாயி வாசலில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவருகிறவள், கையை மட்டும் ஆட்டினாள்.

ஊற்றுக்கு மேலே உள்ள கரை ஈரமாக இருக்கிறது. மழை ஈரம் என்று யாரும் சொல்லிவிடலாம். அத்தா அதைத்தான் சொன்னார். நான் விடவில்லை.

"அத்தா, குடோன்ல ஒரு ஓரமா மட்டும் தோண்டிப் பாக்கலாமே?"

"நாப்பது மூட்டைய எங்க கொண்டுபோயி வெப்ப? உம் பள்ளிக்கூடத்துலயா?"

"சின்னத்தாயிக்கு..."

"புள்ளைங்களுக்கு வயித்துக்கு வரும், போவும். எங்கூட்டுத் தண்ணின்னு எழுதி ஒட்டியிருக்குதா?"

அம்மா பாத்திரம் கழுவியபடி சொன்னார்: "குடோனுக்கு பிளான் வாங்கலடி கண்ணு. தோண்டுனா ஆபீஸ்காரங்க கேள்வி கேப்பாங்கன்னு பயப்படறாரு. நீ கொஞ்சம் வாய மூடு."

எழுதி ஒட்டியிருக்கிறதா என்று அத்தா கேட்டது இரண்டு நாள் மண்டையில் ஓடியது. பூமிக்குள் மறைந்து போகும் ஓர் ஆற்றைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது எங்கே வெளியே வருகிறது என்று கண்டுபிடிக்க, மேலே சாயத்தைக் கரைத்து விட்டுக் கீழே காத்திருந்தார்களாம். எங்கள் கடையில் சாயம் இருக்கிறதே! கேசரிப் பவுடர். தின்கிற பொருள், யாருக்கும் கெடுதல் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தா சரக்கெடுக்கச் சேலம் போகிறார். நான்கு பொட்டலம் எடுத்து வைத்துவிட்டேன். ஊற்றில் சிவப்பு வந்துவிட்டால் அத்தாவால் ஒன்றும் சொல்ல முடியாது.

யாரிடமும் சொல்லாதே.

உன் ஹலீமா


ஏற்காடு,
1.8.1986

ராசாத்தி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் நான்கு பொட்டலத்தையும் கழிப்பறையில் கொட்டிப் பன்னிரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஊற்றுக்கு ஓடிவந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் மாறவேயில்லை. நான் நினைத்தது தப்பு, அத்தா சொன்னதே சரி என்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். பாதி சந்தோஷத்தில்தான் அழுதேன்.

திங்கட்கிழமை நான் பள்ளியில் இருந்தபோது ஊற்று செக்கச்செவேலென்று வந்திருக்கிறது. பள்ளி விட்டு வந்தால் அங்கே ஊரே நிற்கிறது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: மலைக்கு அந்தப் பக்கம் பாக்சைட் வெட்டுகிறார்களே, அந்தச் சுரங்கத்துச் செம்மண் தண்ணீர்தான் இறங்கிவிட்டது! கூட்டத்தின் நடுவில் யார் என்று நினைக்கிறாய்? என் அத்தா.

"நான் அன்னிக்கே சொன்னன், பூமிக்கு அடியில இருந்து வருதுன்னு! இத சும்மா உடக்கூடாதுங்க. மனு எழுதணும். ஹலீமா, வா கண்ணு, உங்கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்."

முழுநீளத் தாளையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார்கள். இருபத்தேழு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'சுரங்கக் கழிவினால் எங்கள் குடிநீர் மாசடைந்துள்ளது' என்று என் கையாலேயே எழுதினேன், ராசாத்தி. முதல் கையெழுத்து அத்தாவுடையது. கடைசியில் உன் அம்மா கட்டைவிரலை மையில் வைத்துவிட்டு, "எழுதனத ஒருதரம் படிச்சுக் காட்டு சாமி, தெரிஞ்சுக்கறன்" என்றார். படித்துக் காட்டினேன்.

இன்னும் கெட்ட செய்தி இருக்கிறது. வியாழக்கிழமை சிவப்பு போய்விட்டது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. மூன்று நாளாகத் தூரத்துக் கிணற்றுக்கு நடந்தவர்கள், சுத்தமாகிவிட்டது என்று மறுபடி இதையே எடுக்கிறார்கள்.

அத்தனை பேர் முன்னால் அத்தாவை எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? நீயே ஒரு வழி சொல்.

ஹலீமா


சேலம்,
9.8.1986

ஹலீமாவுக்கு,

சின்னத்தாயியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏறுகிறது. தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். "சுரங்கத்துத் தண்ணிங்க" என்று எங்கள் அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இரண்டு நாளில் அப்பா தோட்ட வேலைக்குத் திரும்பிப் போகிறார், அந்தத் தண்ணீரைக் குடிக்க.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

நீ கெட்டிக்காரி. கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்ததைத் தபாலில் எனக்கு எழுதினால் ஊற்று சுத்தமாகிவிடுமா? வழி கேட்காதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுதாதே.

ராசாத்தி


ஏற்காடு,
21.8.1986

ராசாத்திக்கு,

எழுதாதே என்றாய். சின்னத்தாயி தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, தண்ணீர் எடுக்கும் நேரத்தில் ஊற்றுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாத்தி அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"ஏம்புள்ள, ஒங்கூட்டுக் கக்கூஸ் தண்ணியா நாங்க இத்தன நாளாக் குடிச்சம்? அதுக்குக் கலரு வேற போட்டுக் குடுத்தியா?"

உன் அம்மா சேலத்தில் இருந்ததால் அந்தப் பேச்சை நேரில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன்.

அவர்கள் நேராகக் கடைக்குப் போனார்கள். அத்தா, "சின்னப் புள்ளைங்க. கத படிச்சுப் படிச்சு அதே நெனப்பு. இவ பேச்ச நம்பிக்கிட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். பாதிப் பேர் அத்தாவைத்தான் நம்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. உண்மையைச் சொன்ன பிறகும் அதே குடங்கள், அதே ஊற்று!

கடைசியில் எங்கள் மனுதான் வேலை செய்தது. அதை விசாரிக்க நேற்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரம் வந்தார். அத்தாவே குடை பிடித்து ஊற்றுக்கு அழைத்துப் போனார்.

"சுரங்கம் எங்க, இது எங்க? நடுவுல ஒரு மலையே நிக்குதே பாய்." மேட்டைப் பார்த்தார். "மேல தெரியற வீடு யாருது?"

அத்தா குடையை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மனு எழுதுன கையெழுத்து நல்லாயிருந்துச்சு. யாரு எழுதுனது?"

"நான்தாங்க" என்றேன். "நான் எழுதினது பொய்ங்க."

என்ன போட்டேன், எத்தனை பொட்டலம், எத்தனை வாளி, எத்தனை மணிக்கு என்று எல்லாம் சொன்னேன். அத்தா மறுபடியும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குடையை மடக்கினார். மழையில் நனைந்தபடி மேடேறிப் போய், காளியப்பனை வரவழைத்து, இடுப்பிலிருந்த குடோன் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹலீமா


ஏற்காடு,
7.9.1986

ராசாத்திக்கு,

பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், கணக்கு நோட்டில் விடை வராத கணக்கை விடாமல் போடுவது போல.

உப்பு மூட்டையெல்லாம் என் அறையில். புத்தகங்கள் ஈரமாகிவிட்டன. தரையை உடைத்ததும் காளியப்பன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு குழாய் சேரும் இடத்தில் என் தொடை அளவு வேர். குழாயில் அடிப்பாதியே இல்லை. கீழே ஒரு பொந்து. எங்கள் வீட்டுத் தண்ணீர் இரண்டு மாதமாக அந்தப் பொந்துக்குள்தான் போயிருக்கிறது.

புதுக் குழாய் ஏற்றிவந்த லாரி கொண்டை ஊசி வளைவில் இரண்டு நாள் நின்றுவிட்டது. வந்ததில் மூன்று குழாய் விரிசல். போட்ட பிறகு வாட்டம் சரியில்லை, தண்ணீர் நடுவிலேயே தேங்குகிறது என்று காளியப்பன் பாதியைப் பிரித்துவிட்டார். நேற்று பெய்த மழையில் பள்ளம் சரிந்துவிட்டது. குடோனுக்கு ஆபீஸிலிருந்து நோட்டீசும் வந்துவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது.

அத்தா என்னோடு பேசுவது அம்மா வழியாகத்தான். "அவள வேற ரூமுல படுக்கச் சொல்லு, உப்புக் காத்து ஆவாது" என்கிறார், நான் எதிரிலேயே நிற்கும்போது. உங்கள் எட்டு வீட்டுக்கும் தினமும் ஜீப்பில் இரண்டு பேரல் தண்ணீர் அனுப்புகிறார். அதைப் பற்றியும் யாரிடமும் பேசுவதில்லை.

ஹலீமா


ஏற்காடு,
28.9.1986

ராசாத்திக்கு,

வேலை முடிந்தது. சில்வர் ஓக் மரத்தை வெட்டியாகிவிட்டது. குடோன் பாதிதான் இருக்கிறது. புதுக் குழாயின் மூடிக்கு மேல் ஒரு சாமானும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தா கடையிலிருந்து வந்து, மேசைமேல் எட்டுப் பொட்டலம் கேசரிப் பவுடர் வைத்தார். "போன தடவ எத்தன வாளி ஊத்துன?" என்று என்னிடமே கேட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பன்னிரண்டு என்றேன். இருபத்துநான்கு ஊற்றினார். பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கடையைத் திறக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அங்கேதான். உன் அம்மாவும் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மதியம் அத்தா டிபன் கேரியரைத் திறந்து, "கண்ணாயி, சாப்புடறியா?" என்றார். "நான் சாப்புட்டுத்தாங்க வந்தன், நீங்க சாப்புடுங்க" என்றார் உன் அம்மா. தண்ணீரில் துளி சிவப்பு வரவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வந்து பிளீச்சிங் பவுடர் போட்டார். தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒருவரும் அந்தத் தண்ணீரை எடுக்கவில்லை. ஜீப் தண்ணீர்தான். உன் அம்மாவிடம் கேட்டேன்.

"காயிதத்துல குடுத்துட்டாங்க கண்ணு. ஆனாலும் மனசு வரல. ராசாத்தி லீவுக்கு வரட்டும். அவ என்ன சொல்றாளோ பாக்கலாம்."

மனுவைப் படித்துக் காட்டியதைப் பற்றி உன் அம்மா என்னிடம் இதுவரை ஒன்றுமே கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

லீவுக்கு எப்போது வருகிறாய்?

ஹலீமா


சேலம்,
3.10.1986

ஹலீமா,

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் வருகிறேன். கோபம் போகவில்லை. போனபின் வரலாம் என்று இருந்தால் லீவு முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஊற்றுக்கு வா. எட்டு வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லி அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். உன் அத்தாவும் வரட்டும். எல்லோரும் பார்க்க முதலில் நீ குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு நான்.

டம்ளர் கொண்டு வா. ஒன்று போதும்.

ராசாத்தி