ஏரியில் எடுத்த படம்

அன்புள்ள உமக்கு,

நயினாதீவுக்கு வந்து மூன்று நாள். ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லையென்று, துக்கம் கேட்டு வருகிற எல்லாரிடமும் அம்மா சொல்கிறா. நானும் தலையாட்டுகிறேன்.

அந்த முப்பத்தோராம் நாள் நாங்கள் அங்கே, பாலைவனத்து நடுவே இருக்கிற ஏரியில், வீட்டுப்படகின் மேல்தட்டில், நண்பர்களோடு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தோம். "ஊருக்குப் போட்டு வாங்கோ" என்று நீர் சொன்னீர். முன்பே பதிந்த படகை விட ஏலாது என்றவன் நான்.

எங்கள் மகள் முகநூலில் போட்ட அந்த ஏரிப் படத்தைத் தங்கச்சி கண்டிருக்கிறாள். "அம்மாவுக்குக் காட்டேல்லை அண்ணை" என்றாள்.

ஐயாவின் சாம்பலில் ஒரு பிடியை அம்மா எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறா. மூத்தவன் கையால் கடலில் கரையட்டுமாம்.

வெள்ளிக்கிழமை கரைக்க வேண்டும். அந்தச் சாம்பலைக் கையில் வாங்குவதற்கு முன் அம்மாவிடம் காட்ட வேண்டும். நீர் அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிடும்.

உம்முடைய,
நான்