சிஹாயாவின் அம்மா

பிப்ரவரி 17, செவ்வாய்

சப்போரோ. விடுதி, அறை எண் 312. பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். மேசை சுவரிலிருந்து மடிந்து இறங்குகிறது, அதை இறக்கினால் கதவு பாதிதான் திறக்கும். எனக்கு இது போதும். குஷிரோவில் எங்கள் வீட்டில் நான்கு அறைகள் இருந்தும் கணக்குப் போட சமையலறை மூலைதானே கிடைத்தது?

இரண்டாம் மாடியில் எல்லோருக்கும் பொதுவான சமையலறை, நீள மேசை, துணி துவைக்கும் இயந்திரங்கள். குளிர்பெட்டியில் அறை எண் எழுதிய கூடைகள். என் கூடையில் ஒரு தோஃபு, ஆறு முட்டை.

தேர்வுக்கு இன்னும் எட்டு நாள். நான் தயார். இதை இங்கே மட்டுமாவது எழுதிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18

பொதுமேசையில் தொகையீட்டுக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். எதிரே ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், பெரிய பானையில் மிசோ சூப் கிளறிக்கொண்டிருந்தார். கிதாமியிலிருந்து மகளைத் தேர்வுக்கு அழைத்து வந்திருக்கிறாராம். பெயர் ஒரிதோ. மகள் சுமிரே. அதே பல்கலைக்கழகம், அதே கணிதத் துறை.

“உங்களுக்குப் பொண்ணா பையனா?” என்றார்.

“பொண்ணு” என்றேன்.

எனக்குப் பிள்ளைகளே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

பெயர் கேட்டார். என் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. “சிஹாயா.”

அந்த நிமிடத்திலிருந்து நான் சிஹாயாவின் அம்மா. பிள்ளை பெயரைத் தெரிந்துகொண்டபின் அம்மாவின் பெயரை இங்கே யார் கேட்கிறார்கள்?

பிப்ரவரி 20

சிஹாயாவுக்கென்று தினமும் ஒரு கிண்ணம் சூப் வருகிறது. அறைக்கு எடுத்துப்போய் நானே குடிக்கிறேன். நல்ல சூப்.

அவள் வெளியிலேயே வருவதில்லையே என்று இன்று விசாரித்தார் ஒரிதோ. கூச்ச சுபாவம் என்றேன். கிண்ணத்தை நான் கழுவுவதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க. நாளைக்கு அவ தனியா இருக்கப்போறவ. தன் தட்டைக்கூடக் கழுவத் தெரியாதுன்னா யாரைச் சொல்வாங்க? உங்களைத்தான்.”

கழுவுவாள், நன்றாகவே கழுவுவாள் என்றேன். சிஹாயாவை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இங்குள்ள அம்மாக்கள் யாரும் ‘வழுக்கும்’ என்ற சொல்லைச் சொல்வதில்லை, சொன்னால் தேர்விலும் வழுக்கிவிடுமாம், அபசகுனம். பிப்ரவரியில், தெருவெல்லாம் பனிக்கட்டியாய்க் கிடக்கும் இந்த ஊரில்! “வாசலாண்ட அது கொஞ்சம் அப்படி இருக்கு, பாத்துப் போ” என்கிறார்கள்.

பிப்ரவரி 22

கணவர் கோசாகுவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. “நம்ம பொண்ணு எப்படிப் படிக்கிறா?” என்று மட்டும் கேட்டார். நன்றாகப் படிக்கிறாள் என்றேன். “அவ ஜெயிச்சாலும் தோத்தாலும் இங்க சோறு நான்தான் வைக்கணும். அதனால எனக்குக் கவலை இல்ல.” இருபது வருடமாக இந்த ஆளிடம் இதுதான் பிடித்தது.

ஆனால் ஏன் மறைக்கிறேன்? வெட்கமா? இல்லை. பதினெட்டு வயதில் கணிதம் படிக்க ஆசைப்பட்டேன். இலக்கியம் போதும் என்றார் அப்பா. படித்தேன், பட்டமும் வாங்கினேன். இருபத்தொரு வருடம் நகராட்சி அலுவலகத்தில் பதிவேடு பார்த்தேன். கடந்த நான்கு வருடம் விடியலில் எழுந்து கணக்குப் போட்டேன். ஜனவரியில் முதல் கட்டத் தேர்வைத் தாண்டியும் விட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ‘இந்த வயசுலயா’ என்ற அந்த ஒரு சொல்லை இன்னொரு தடவை கேட்க முடியாது. அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒரு வாய்ப்பு. அடுத்த வருடம் அலுவலகம் விடுப்புத் தராது. இதுதான் என் தடவை.

பிப்ரவரி 24

ஒரிதோ சொன்னது: “இடம் அம்பதுதான். எங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. மிச்சம் நாப்பத்தெட்டை ஊரு பங்கு போட்டுக்கட்டும்.”

நாளை நால்வருமாகச் சேர்ந்தே போகலாமாம். சிஹாயா முன்னாலேயே கிளம்பிவிடுவாள் என்றேன். மூவராகப் போவதாக முடிவாயிற்று, கைபேசி எண்களையும் வாங்கிக்கொண்டோம்.

பிப்ரவரி 25

கைகள் இப்போதுதான் சூடாகின்றன. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தெருமுனைப் பெட்டியிலிருந்து மணல் பொட்டலத்தை எடுத்து, மகள் கால் வைக்குமுன் ஒரிதோ பனிக்கட்டிமேல் தூவிக்கொண்டே நடந்தார். வாயிலில் காவலர் கையை நீட்டினார்: “துணைக்கு வந்தவங்க இதுவரைக்கும்தான்.” சுமிரே தலைகுனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள், நானும் நின்றேன். உள்ளே போக இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. இன்னும் சற்று நின்றால் கூட்டத்தோடு கலந்து... எதற்கு? என்னிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது.

எடுத்தேன். ஒரிதோ சீட்டிலிருந்த படத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பெயரைப் படித்தார்.

“அப்ப இத்தனை நாளா என் சூப்பைக் குடிச்சது?”

“நான்தான். மன்னிச்சிடுங்க.”

பின்னாலிருந்த அம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரிதோ சிரிக்கவில்லை.

“அப்படின்னா நீ எங்களுக்குப் போட்டி.” முதல் தடவையாக ‘நீ’. “நல்லா எழுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போ. நேரமாச்சு.”

போனேன். முதுகில் அத்தனை கண்கள். காவலர் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு வழிவிட்டார்.

கணிதம் நான்கு கேள்வி. மூன்றாவது, நிகழ்தகவு, எல்லோரையும் மிரட்டியிருக்கும். எனக்கு அது தெரிந்த முகம். முன்னாலிருந்து போனால் சுவர், பின்னாலிருந்து வந்தால் கதவு. எழுதி முடித்தபோது பதினோரு நிமிடம் மிச்சம். இத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 26

காலை ரயிலில் அவர்கள் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 6

மதிய இடைவேளை. அலுவலக மாடிப்படியில் நின்று கைபேசியில் பார்த்தேன். என் எண் இருக்கிறது. இருக்கிறது.

கோசாகுவின் பதில்: “சரி. அரிசி எவ்ளோ, தண்ணி எவ்ளோ, எழுதி வெச்சிட்டுப் போ.” இத்தனை வருடமாகச் சோறு வைப்பவர்.

சாயங்காலம் ஒரிதோவிடமிருந்து ஒரு வரி: சுமிரே எண் இல்லை. உங்க எண்? மூன்று தடவை எழுதி அழித்தேன். கடைசியில் ‘இருக்கு’ என்று அனுப்பினேன். பதில் இல்லை.

மார்ச் 8

சுமிரேயின் இடத்தை நான் எடுக்கவில்லை. ஐம்பது பேரில் யாரும் அவளிடமிருந்து எடுக்கவில்லை. கணக்கு வயதைப் பார்ப்பதில்லை — கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

இருந்தும் இன்று கஞ்சி இறங்கவில்லை. அந்த அம்மா தூவிய மணலில் நானும்தானே நடந்து போனேன். பாவி.

இடத்தை விட்டுக்கொடுப்பேனா? மாட்டேன். யோசிக்கவே வேண்டாம். மாட்டேன்.

மார்ச் 19

ராஜினாமா. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பிரிவுத் தலைவர், “பொழுதுபோக்கா?” என்றார். “இல்ல சார், படிப்பு” என்றேன்.

ஏப்ரல் 3

மறுபடி அதே விடுதி, இந்தத் தடவை மாதக்கணக்கில். ஐந்தாம் மாடி, அதே அளவு அறை. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. தனியாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறது.

ஏப்ரல் 7

ஒரு மாதம் கழித்து ஒரிதோ எழுதியிருக்கிறார்: “சுமிரே ஒரு வருஷம் பயிற்சிப் பள்ளி. அதே விடுதியிலதான் தங்கப்போறா, நீங்களும் அங்கதான்னு சொன்னாங்க. நீங்க ஒண்ணும் பாத்துக்க வேணாம். அடுப்பை அணைச்சாளான்னு மட்டும் பாருங்க. மறதி ஜாஸ்தி.”

ஏழெட்டுத் தடவை படித்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஏழு மணிக்குச் சமையலறையில் சுமிரே முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலைகுனிந்து வணங்கினாள். பிறகு வாணலியைப் பார்த்தபடியே பேசினாள்.

“அடுத்த வருஷம் நீங்க எனக்கு சீனியர். இப்பவே வணக்கம் சொல்லி வெச்சுக்கறேன்.”

நானும் வணங்கினேன்.

“ஒண்ணு மட்டும், சிஹாயா-சான். கணக்கு சொல்லித் தரேன்னு வந்துடாதீங்க.”

“மாட்டேன்.”

“எங்கம்மா கெஞ்சினாலும்?”

“கெஞ்சினாலும்.”

நிமிர்ந்து என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். மேசையின் ஒரு முனையில் அவள் சாப்பிட்டாள், மறு முனையில் நான் சாப்பிட்டேன். எனக்கு எட்டே முக்காலுக்கு வகுப்பு, அவளுக்கு ஒன்பதுக்கு. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கதவு வரை போனவள் நின்று, திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள்.

நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.