வெயில் வாசனை

பாய்,

இன்று காலை மேட்டுப்பாளையம் யூனிட்டில் ஒரு பழைய கேனின் மூடியைத் திருகினேன். அதே வாசனை. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் சூடான நாற்றம். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அது மட்டும் போகவில்லை.

தண்ணீர் கேன் தொழிலில் நாம் பாதிக்குப் பாதி பங்காளிகள். ஆனாலும் என்னைக் கிண்டலாக 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவீர்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நம் வாடிக்கையாளர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்தீர்கள். "குறைய அவங்களே எழுதட்டும் முதலாளி, நாம திருத்திக்கலாம்" என்று பாஸ்வேர்டையும் கொடுத்தீர்கள். நீங்கள் செய்த ஒரே தப்பு அதுதான்.

முதல் வாரமே சாரம் பகுதியிலிருந்து ஒரு அம்மா எழுதினார்: தண்ணீரில் வெயில் வாசனை அடிக்கிறது, கேனை எங்கே வைக்கிறீர்கள்? அடியில் இன்னும் நாலு பேர், 'எங்கள் வீட்டிலும்' என்று. எனக்குத் தெரிந்தது கடைப் பழக்கம். சத்தம் போடுகிறவரை உள்ளே கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மற்றவர் காதில் விழாமல் முடித்துவிட வேண்டும். அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன், ஒரு கேன் இலவசமாக அனுப்பினேன், அவர் எழுதியதை அழித்தேன். அப்புறம் வந்ததையெல்லாம் அப்படியேதான். கேன்கள் வெட்டவெளியிலேயே கிடந்தன.

சில மாதம் கழித்துப் பெருமையாகக் காட்டினேன். "பாருங்க பாய், ஒரு புகார் இல்ல."

"புகார் மட்டுமா இல்ல? சாரத்துல நம்ம வண்டி நிக்கிற வீடு இப்ப எத்தினி, போய்ப் பாத்தியா? கேனுக்கு நெழலா கொட்டா ஒண்ணு போடுன்னு அத்தினி பேரும் ஓசியில சொன்னாங்க. வாய அடைச்சி அனுப்பிட்ட."

"திருப்பி எழுதச் சொல்லுவோம் பாய்."

"நீ டீ வாங்கிக் குடுத்தவன் எவன் திரும்பி வந்தான்?"

அன்றே அந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்: 'தவறு எங்களுடையது. தயவுசெய்து மறுபடியும் திட்டுங்கள்.' ஒருவரும் திட்டவில்லை. அடுத்த ரம்ஜானுக்கு நீங்கள் உயிரோடு இல்லை. 'என் தப்புதான் பாய்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவில்லை.

கீற்றுக் கொட்டகை போட்டுவிட்டேன். அதன் நிழலில் இருப்பவை, வாடிக்கை வேண்டாமென்று வீடுகள் திருப்பி அனுப்பிய காலிக் கேன்கள். இந்த மாதத்தோடு யூனிட்டை மூடுகிறேன்.

இன்று உங்கள் வரிக்குக் கீழே நானே எழுதினேன்: 'தண்ணீரில் வெயில் வாசனை அடிக்கிறது.' படிக்க யாரும் இல்லை. பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அழிக்கத்தான் கை வரவில்லை.