கழுத்தளவுத் தண்ணீரில் பிடித்த காற்று

அண்ணே,

வேப்பம்பட்டில் எங்கள் தெருவுக்கு இன்று தார் போடுகிறார்கள். வாடை வந்ததும் ஜன்னலைச் சாத்தப் போனவள், சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. உங்களிடம் கேட்காமலே விட்ட மன்னிப்பு ஒன்று இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், பழவேற்காட்டு ஏரியில் உங்கள் படகில் முதலில் ஏறியபோது எனக்கு முப்பது வயதுகூட இல்லை. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்கள். அவை புகை விடத் தொடங்குமுன், கடற்காற்றில் பென்சீன் போன்ற ஆவிகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து வைக்க வேண்டும். விட்டால் அந்தக் காற்று பிறகு கிடைக்காது. உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குடுவையை ஏரி நடுவில் திறந்தால், அங்குள்ள காற்று தானே புகுந்துகொள்ளும். மூடி, சென்னையில் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போவேன்.

"இன்னாம்மா, காத்தப் போயி பாட்டில்ல புடிச்சிக்கினு போற? பட்டணத்துல காத்தே இல்லியா?" என்று சிரித்தீர்கள்.

மூன்று முறை எடுத்தேன். மூன்றிலும் பென்சீன் கண்டபடி ஏறியிருந்தது. இன்னும் ஒரே தடவைதான் என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். பீடிப் புகையிலும் பென்சீன் உண்டு; படகில் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். நான் உங்கள் பீடியைச் சந்தேகப்பட்டேன். கரையில் எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டினேன்.

"நீ சொன்ன நாள்லேர்ந்து போட்டுல குந்திக்கினு ஒரு பீடி பத்த வெச்சதில்லம்மா" என்றீர்கள். நான் நம்பவில்லை. அந்த வயதில் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

படகில் ஏறிக் கையூன்றி உட்கார்ந்தேன். உள்ளங்கை கறுப்பாக ஒட்டிக்கொண்டது. தார். எப்போது பூசியது என்று கேட்டேன்.

"நீ வர்றதுக்கு மொத நாளு எப்பவும் பூசிருவேன். மொதமொத எடம் பாக்க வந்தப்பவே, ஓட்டைல தண்ணி வந்து பை நனையுதுன்னு நீதானே பேஜாரு பண்ண?"

குடுவையில் ஏறியதெல்லாம் அந்தத் தாரின் ஆவி. தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"அட, இவ்ளோதானா?" என்றீர்கள். ஏரி நடுவில்கூட ஆள் நின்று நடக்கிற ஆழம்தான்; அங்கே படகை நிறுத்திவிட்டு நீரில் இறங்கினீர்கள். குடுவையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காற்று வரும் திசையில், கழுத்தளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தீர்கள். உங்கள் மூச்சும் கலக்கக் கூடாது என்று படகிலிருந்து கூவினேன். கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு குடுவையின் திருகுமூடியைத் திறந்து மூடினீர்கள்.

அந்தக் குடுவையை அளந்தபோது, பென்சீன் இருந்தால் மேடு வரையும் கருவியின் பேனா தாளில் கிட்டத்தட்ட நேராகவே ஓடியது. தாளைக் கொண்டுவந்து காட்டினேன்.

"இன்னாம்மா, ஒண்ணுமே இல்லியே" என்று முகம் வாடினீர்கள்.

"ஒண்ணும் இல்லாததுதாண்ணே வேணும்" என்றேன். சந்தோஷத்தில் மன்னிப்பு மறந்துபோயிற்று. இப்போது கேட்கிறேன், அண்ணே.

போன வாரம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காற்றை மறுபடி சுத்தமாக்க வழி தேடும் குழுவில் இருக்கிறாள். எந்த அளவுக்குச் சுத்தமாக்குவது என்று தெரிய, பழைய அளவு வேண்டுமாம். பீரோவைத் திறந்து உங்கள் தாளைக் கொடுத்தேன்.

"இத்தனை வருஷத்துக்கு முன்னால எடுத்தது. நம்பலாமா மேடம்?" என்று தயங்கினாள்.

"தாராளமா நம்பலாம். எடுத்தவர் மூச்சுகூட விடலை" என்றேன்.